கொய்யா நிறத்தில் ஐந்து துண்டுகள்

பனியன் என்றாலே எல்லோருக்கும் திருப்பூர்தான் ஞாபகம் வரும். வடக்கனந்தலில் ஒரு பனியன் கம்பெனி ஐம்பது வருஷமாக ஓடுகிறது என்றால் கள்ளக்குறிச்சிக்காரர்களே 'அப்படியா' என்று கேட்பார்கள். எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை அதில் ஒரு மனக்குறை இருந்தது. எனக்கு இல்லை. யார் கண்ணும் படாத இடத்தில் வேலை நிம்மதியாக நடக்கும்.

உங்கள் போனில் பதிவாகிறதல்லவா? ஆகட்டும். ஐம்பதாம் ஆண்டு மலருக்குக் கம்பெனி வரலாறு வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறீர்கள். இருபத்தைந்தாம் ஆண்டுக்கும் ஒருத்தர் வந்தார். அவரிடம் பாதிதான் சொன்னேன். அப்போது தம்பி உயிரோடு இருந்தான். இப்போது எனக்கு எழுபத்து நாலு வயது. அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவைக்க எனக்குப் பிடிக்காது.

அப்பா பெயர் ஆதிமூலம். கரும்பும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தவர். அறுபத்தொன்பதில் திருப்பூருக்கு யாரோடோ போய்வந்தார். வந்த வேகத்தில் ஏரிக்கரைக் கொல்லையை விற்று, இரண்டு பழைய பின்னல் மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். ஊரே பைத்தியம் என்றது. மிஷின் ஓடுவதற்கு முன்பே 'ஆதிமூலம் அண்டு சன்ஸ்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். அப்போது அவருக்கு இருந்தது ஒரே மகன். சிவசங்கர். பன்னிரண்டு வயது, அரைக்கால் டவுசர். மிஷினுக்கு ஊசி மாற்றியவளும், அறுந்த நூலை முடிந்தவளும், துணி வெளுக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணெரிந்தவளும் நான். எனக்கு இருபத்து நாலு வயது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை அப்பா ஒவ்வொரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார். வருகிறவன் கம்பெனியில் பங்கு கேட்பான் என்பதுதான் நிஜமான காரணம். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்ததும் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் சொல்லிக்கொடுப்பேன். முதலில் சொல்லிக்கொடுத்தது சாம்பிள் அட்டை. புதுத் துணி எது வந்தாலும் ஒரு துண்டைக் குண்டூசியால் அட்டையில் குத்தி, பக்கத்தில் நாலு கட்டம் நிரப்ப வேண்டும். நிறம், தேதி, எடுத்த இடம், கொடுத்தவர். பத்து வருஷம் கழித்து ஒருத்தர் இதே நிறம் வேண்டும் என்று வந்தால், எந்தத் தொட்டியில் எடுத்தது, யார் கொடுத்தது என்று தெரிய வேண்டுமே. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மண்டையில் குட்டுவேன். மூக்கால் அழுதுகொண்டே எழுதுவான்.

இரண்டாவது விஷயம் வேஸ்ட். துணியை அடுக்கி வெட்டும்போது அக்குளிலும் கழுத்திலும் துண்டு துண்டாக விழுமே, அது. பெயர்தான் வேஸ்ட். மிஷின் துடைக்க, மூட்டை கட்ட, சூடான பாத்திரம் பிடிக்க, எதற்கும் ஆகும். வேஸ்ட் ரூம் சாவி அன்றும் இன்றும் என் இடுப்பில்தான். ஒரு சாண் துண்டு வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்டு, என் கையால் வாங்கிப்போய், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். கமலாக்காவிடம் வேஸ்ட் வாங்குவதற்குக் கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிடச் சொல்வது சுலபம் என்று ஆட்கள் கிண்டல் பண்ணுவார்கள். காதில் விழும். பண்ணிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

சிவசங்கர் மெட்ராஸில் துணி சம்பந்தமான படிப்பு படித்துவிட்டு எண்பத்து மூன்றில் திரும்பி வந்தான். சட்டைக் காலர் வரைக்கும் முடி. வந்ததும் வராததுமாக ஃபேஷன் என்று ஆரம்பித்தான். வெள்ளைப் பனியனையே போட்டுக்கொண்டிருந்தால் கம்பெனி தேயும், குழந்தைகளுக்குக் கலர் கலராக ஜப்லா போடலாம் என்றான். வெள்ளிமலையில் ஒரு வீட்டை எடுத்துப் பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு மலைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் தையல் சுத்தமாக இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். சாயம் போடுவதும் துணி வெட்டுவதும் இங்கே, தைப்பது அங்கே. கெட்டிக்காரன்தான். எல்லாம் என்னிடம் கற்றது.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். உயிலைப் படித்தார்கள். பேரன் பிறக்கும்வரை கம்பெனி நிர்வாகம் கமலாவிடம் இருக்கும். பேரன் பிறந்து பெயர் வைத்த நாளிலிருந்து எல்லாம் அவன் பெயருக்கு, அவனுக்கு வயது வரும்வரை சிவசங்கர் பொறுப்பில். கமலாவுக்கு ஆயுசுக்கும் சாப்பாடு, துணி, பின்கட்டு அறை. அவ்வளவுதான். பதினைந்து வருஷம் தொட்டிப் புகையில் நின்றவளுக்கு வருஷத்துக்கு இரண்டு புடவை நிச்சயம் உண்டு என்று எழுதியிருந்தார்.

சந்தியாவைத் தியாகதுருகத்திலிருந்து கட்டி வந்தோம். நான்தான் போய்ப் பார்த்து முடித்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாய் நிறையச் சிரிக்கிற பெண். எண்பத்தேழு ஆகஸ்டில் அவளுக்கு எட்டு மாசம். தம்பியோடு வெள்ளிமலையில் குடியிருந்தவள், இரண்டு நாள் இங்கே வந்து தங்கியிருந்தாள். சாயத்தொட்டியில் தம்பி புதிதாக ஒரு நிறம் எடுத்திருந்தான். கொய்யாப்பழத்தை வெட்டினால் உள்ளே ஒரு சிவப்பு தெரியுமே, அந்த நிறம். பிறக்கப்போகிற குழந்தைக்கு முதல் ஜப்லா அதில்தான் என்று ஒரே ஒரு தடவை, கொஞ்சமாகப் போட்ட சாயம். நான் சந்தியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"இனிமே நீங்க ஓய்வா இருங்க அண்ணி. சாவிய அவருகிட்ட குடுத்துட்டு, புள்ளைய மடில வச்சிக்கினு குந்திக்கினு இருந்தா போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். நான் பின்னி முடித்துப் பூ வைத்துவிட்டேன். இடுப்பில் சாவிக்கொத்து அன்றைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தமாதிரி ஞாபகம்.

அந்தச் செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது. வடக்கே எந்த ரோட்டிலும் ஒரு வண்டி போகவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். உயிர் போனவர்களும் உண்டு. எங்கள் சொந்தக்காரப் பையன்களும் மறியலில் இருந்தார்கள். ராசு என்று ஒன்றுவிட்ட அத்தை பேரன், வடக்கனந்தலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே இருந்த மறியலுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது, மரம் வெட்டிப் போட்டுக் கேட்கத் தெரியவில்லை.

மறியல் தொடங்குவதற்கு முன்பே சந்தியா கீழே வந்துவிடுகிறேன் என்றாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஊர் கலவரமாக இருக்கும், ஒரு வாரம் கழித்து நானே வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன், மலையிலேயே இரு என்று போனில் சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். பாதி நல்லெண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வெள்ளிமலை வனத்துறை ஆபீசிலிருந்து தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, சந்தியாவுக்கு வலி எடுத்துக்கிச்சி. ரத்தம் வேற போவுது. ஜீப்பு பன்னெண்டு மணிக்கிதான் கெடைக்குமாம். மறியல் பசங்ககிட்ட பேசி நீதான்க்கா வழி வாங்கணும்."

நான் பார்த்துக்கொள்கிறேன், பதறாதே என்றேன். நிஜமாகவே பார்த்துக்கொள்ளத்தான் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நடந்தே போய் ராசுவைப் பார்த்தேன். அவன் பதறிப்போனான். புள்ளத்தாச்சி வண்டியை நாங்கள் நிறுத்துவோமா அக்கா, மரத்தை இழுத்து ஓரம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் என்றான். அப்போதே பத்துப் பேர் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தங்கமான பையன்கள்.

போகும்போது என் மனசில் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது வழியில் விழுந்துகிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எத்தனை மரம் என்று யாரும் எண்ணப்போவதில்லை. இன்னொன்று விழுந்தால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

சின்னதுரையும் சாலம்மாளும் புருஷன் பெண்டாட்டி. சாயத்தொட்டி அடுப்புக்கு விறகு அறுப்பது அவர்கள் வேலை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பம் ஒன்று உண்டு. எங்கள் கொல்லையில்தான் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். சேலம் பக்கமிருந்து மலை வழியாகப் போலீஸ் லாரி இறங்கப்போகிறது, நம் பையன்களை அடித்து நொறுக்கிவிடுவார்கள், மூணாவது வளைவில் இருக்கிற கடுக்காய் மரத்தை அறுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், ராசுவே கேட்டுக்கொண்டான் என்று. சின்னதுரை திரும்பித் தன் குடிசையைப் பார்த்தான்.

"யம்மா, இது அவங்க போராட்டம். காலனி ஆளு கை வச்சான்னு தெரிஞ்சா எங்க வூட்ட வுட்டு வைப்பாங்களா?"

யாருக்கும் தெரியாது என்றேன். குடிசை யார் இடத்தில் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அதட்டிப் பேசவில்லை. நான் யாரையும் அதட்டுகிற வழக்கம் இல்லை.

சைக்கிளில் கட்டிப்போகும்போது ரம்பத்தின் பல் வெளியே தெரியக்கூடாது. சுற்றுவதற்குத் துணி வேண்டும். வேஸ்ட் ரூமைத் திறந்தேன். வெள்ளை வேஸ்ட் என்றால் வாங்குகிறவன் வாசலில் வந்து நிற்பான். கலர் வேஸ்ட்டை எவனும் சீந்த மாட்டான். அதனால் கொய்யா நிறத்தில் கிடந்ததில் நீளமாக ஐந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளையைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு உங்களிடம் சொல்ல இவ்வளவு விஷயம் இருந்திருக்காது. சிக்கனம் சில நேரம் அப்படிச் செய்துவிடும்.

ஒரு மணிக்கெல்லாம் வயல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்கள். மரம் ரோட்டை அடைத்து விழுந்துவிட்டது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஆடுகூடச் சுற்றிப் போக முடியாது என்றான் சின்னதுரை. நான் துண்டுகளை எண்ணினேன். நாலுதான் இருந்தது. சாலம்மாளின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கை எரிகிறது என்று ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டாளாம், எங்கேயோ விழுந்துவிட்டதாம். போய்த் தேடிக் கொண்டுவா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேரம் இல்லை.

ஃபிளாஸ்கில் வெந்நீரும் துவைத்த வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு மறியல் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ராசு எனக்கு நிழலில் பாய் விரித்துக் கொடுத்தான். இரண்டரை மணிக்கு ஜீப் டிரைவர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். மூணாவது வளைவில் மரம், வண்டி நகரவில்லை, அந்த அம்மா ஜீப்பிலேயே கிடக்கிறது என்றார். பையன்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான்தான் நிறுத்தினேன். அணைப் பக்கம் போலீஸ் நிற்கிறது என்று கேள்வி, போனால் உங்களைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் அம்மாக்களுக்கு யார் பதில் சொல்வது என்றேன். அவர்களுக்கு என்மேல் மரியாதை. ஒரு மணி நேரம் தயங்கினார்கள். பிறகு ராசு எழுந்து நின்றான்.

"புடிச்சா புடிச்சிக்கினு போவட்டும்க்கா. ரெண்டு உசுரு."

போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தை மரத்துக்கு அந்தப் பக்கமே பிறந்து, அழாமலே போய்விட்டது. ஆண் குழந்தை. சந்தியாவை மலைக்காரர்கள் தூளி கட்டி, மரத்தின்மேல் ஏற்றி இறக்கித் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் பையன்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். நான் எதிரே போய் நின்ற கச்சிராயபாளையத்துக்கு வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நான் கொண்டுபோன வெந்நீர் இன்னும் சூடாகவே இருந்தது. அதில் வெள்ளைத் துணியை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். வலது கையை மூடியபடி வைத்திருந்தான். துக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சின்னதுரை பின்வாசலில் வந்து நின்றான். போலீஸ் லாரி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டான். அழவில்லை, கத்தவில்லை, அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அறுத்தது உன் கை. பையன்கள்மேல் பழி விழுந்திருக்கிறது, கொதித்துப்போய் இருக்கிறார்கள். காலனி ஆள் வேண்டுமென்றே வெட்டிவிட்டு எங்கள்மேல் போட்டான் என்றுதான் சொல்வார்கள். அப்புறம் எந்தத் தெரு எரியும் என்று நீயே யோசித்துக்கொள். அவன் யோசித்தான். ஆறு வருஷம் குடித்துக் குடித்தே செத்துப்போனான். சாலம்மாள் இன்னும் செக்கிங்கில் வேலை பார்க்கிறாள். இப்போது உங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாளே, அவள்தான். உள்ளங்கையில் தழும்பு இருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

ராசுவும் வந்தான். அந்த மரத்தை நாங்கள் வெட்டவில்லை அக்கா என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான். வெட்டியவன் வந்து சொல்லவா போகிறான் என்றேன். அதைத் தவிர அவர்களைப் பற்றி நான் எங்கேயும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர்தான் பேசியது. அவன் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

தம்பி மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மலைக்கும் போகவில்லை, மிஷின்களை இறக்கிவிட்டோம். நிர்வாகத்தை நீயே பார்த்துக்கொள் அக்கா என்றான். அப்பாவின் உயில்படி பார்த்தாலும் அதுதானே சரி. சாம்பிள் ரூமில் உட்கார்ந்து நிறம் எடுப்பதோடு அவன் வேலை முடிந்தது. அவன் எடுத்த நிறங்கள் ஜெர்மனி வரைக்கும் போயிருக்கின்றன. இன்றைக்கு முந்நூறு மிஷின் ஓடுகிறது. மலரில் அதைப் பெரிதாகப் போடுங்கள். மூன்று வேளையும் நான் போட்ட சோறுதான் சாப்பிட்டான். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

வருஷத்துக்கு ஒரு நாள், செப்டம்பரில், வேஸ்ட் ரூம் வாசலில் வந்து நிற்பான்.

"வேஸ்ட்டெல்லாம் சரியா இருக்காக்கா?"

"சரியா இருக்குடா" என்பேன்.

கொஞ்ச நேரம் நின்று என் முகத்தையே பார்ப்பான், பிறகு போய்விடுவான். முப்பத்தொரு தடவை கேட்டிருக்கிறான். ஒரே ஒரு துண்டு குறைகிறது என்பது என் மனசுக்குத் தெரியும். முப்பத்தொரு தடவையும் சரியாக இருக்கிறது என்றே சொன்னேன். கம்பெனிமேல் இன்னும் அக்கறை இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன மாசம் அவனும் போய்விட்டான். மாரடைப்பு. சாம்பிள் ரூமை நான்தான் ஒழித்தேன். அலமாரியின் அடித்தட்டில் தனியாக ஓர் அட்டை இருந்தது. இதோ, பாருங்கள். தொடலாம். விறைப்பாக இருக்கிற இடம் ரத்தமாக இருக்கும், சாலம்மாள் கையா, சந்தியாவா, தெரியவில்லை. மீதி இடத்தில் நிறம் கொஞ்சமும் வெளுக்கவில்லை பாருங்கள். எழுத்து அவனுடையது.

நிறம்: கொய்யா. தேதி: 20.9.1987. எடுத்த இடம்: மூணாவது வளைவு, கடுக்காய் மரத்தடி. கொடுத்தவர்: அக்கா.

நாலு கட்டமும் நிரப்பியிருக்கிறான். வேஸ்ட் ரூமிலிருந்து என் கை படாமல் ஒரு துண்டும் வெளியே போகாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதியிருக்கிறான். கோபம் இருந்திருந்தால் கேட்டிருப்பான். கோபக்காரன் எவனாவது இவ்வளவு அழகாக அட்டை எழுதுவானா? தொலைந்த துண்டை அக்கா தேடுவாளே என்று எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தான். கொடுக்கத்தான் மறந்துவிட்டான்.

அந்தச் சாயத்தை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஐம்பதாம் ஆண்டு ஜப்லா எல்லாம் அதே நிறத்தில்தான் வருகின்றன, மலருக்கும் அதையே அட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாலு துண்டுகளும் வேஸ்ட் ரூமில்தான் மடித்து வைத்திருக்கிறேன். ஐந்தும் சேர்ந்துவிட்டது. இந்தக் கம்பெனியில் ஒரு துண்டுகூட வீணாய்ப் போனதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.